பதினாலாம் நம்பர் காற்றாடி

எங்கள் முதலாளி ராமானுஜம் சார் தேங்காயை உடைத்துப் பார்த்துத்தான் காசு கொடுப்பார். அதில் ஒன்றுமில்லை, பல பேர் அப்படித்தான். ஆனால் அவர் இளநீரைக் குடித்துவிட்டு, வழுக்கையையும் வழித்துத் தின்றுவிட்டு, வெறும் மட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "இது நான் குடிச்ச காயோட மட்டைதானா?" என்று கேட்பார். பூஞ்சேரி கூட்ரோட்டில் இளநீர் விற்கிறவன், சார் ஸ்கூட்டர் சத்தம் கேட்டாலே வண்டியை விட்டுவிட்டு வங்காள விரிகுடா வரை ஓடுவான்.

அவருடைய ஐஸ் ஃபேக்டரியில் நான் கம்பிரசர் ஓட்டுகிறவன். பெயர் செங்கல்வராயன். பன்னிரண்டு வருஷம் அவரோடு இருந்தும், நான்தான் செங்கல்வராயன் என்பதை அவர் முழுசாக ஒத்துக்கொண்டார் என்று சொல்ல முடியாது. காலையில் வந்ததும் என் முகத்தை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டுத்தான் சாவியைக் கொடுப்பார்.

சார் பிறந்தது மாமல்லபுரம் பெருமாள் கோயிலுக்குப் பின்னாலே. அப்பா மடப்பள்ளியில் இருந்தார். சார் படித்து, கல்பாக்கத்தில் ஸ்டோர்ஸ் குமாஸ்தாவாகப் போனார். இருபத்திரண்டு வருஷம் நட்டும் போல்ட்டும் எண்ணினார். ஒரு நட்டு குறைந்தால் மொத்தப் பெட்டியையும் கவிழ்த்து மறுபடி எண்ணுவாராம். அங்கே கற்றுக்கொண்ட ஒரே மந்திரம், "கையால தொட முடியாத சரக்கு சரக்கே இல்ல." தொண்ணூற்றாறில் வேலையை விட்டு, பூஞ்சேரியில் மூடிக்கிடந்த இந்த ஐஸ் ஃபேக்டரியை வாங்கினார்.

மீன் வண்டி தாண்டிப் போனால் மூக்கைப் பொத்துகிற மனிதர், மீனுக்கு என்றே இருக்கிற தொழிலை ஏன் வாங்கினார் என்று ஒரு நாள் கேட்டேன்.

"ஐஸ் பொய் சொல்லாதுடா," என்றார். "அம்பது கிலோ பார்னா அம்பது கிலோ. குறைஞ்சா உன் கண்ணெதிரயே குறையும். எந்த மனுஷன் அப்படிக் குறையறான்?"

மனிதர்கள் மேல் இப்படி நம்பிக்கை இருந்ததால் டோக்கன் கொண்டுவந்தார். பித்தளை வில்லை. ஒரு டோக்கனுக்கு ஒரு ஐஸ் பார். மீன் கொட்டுகிற மாதத்தில் கையில் பணம் இருக்கும்போது கொக்கிலமேட்டுக்காரர்கள் டோக்கனாக வாங்கி வைத்துக்கொள்வார்கள். கடல் கைவிரிக்கிற மாதத்தில் டோக்கனைக் கொடுத்து ஐஸ் எடுத்துப் போவார்கள். ஒவ்வொரு டோக்கனிலும் ஓரத்தில், மாதத்துக்கு ஓர் இடமாக, அரத்தால் ஒரு கீறல் போட்டிருப்பார். அது எத்தனையாவது மில்லிமீட்டரில் இருக்கிறது என்பது பெருமாளுக்கும் அவருக்கும் மட்டும்தான் தெரியும். பெருமாளுக்குச் சொன்னதற்காகப் பின்னால் வருத்தப்பட்டிருப்பார்.

இப்படிப்பட்டவரிடம்தான் இரண்டாயிரத்தேழில் ஷ்யாம் என்று ஒரு பையன் காற்று விற்க வந்தான். டை கட்டி, மடிக்கணினியோடு, சென்னைக் கம்பெனி ஒன்றிலிருந்து. சார் அவனுக்கு மோர் கொடுத்தார். அவன் குடிக்கிறானா, குடிக்கிற மாதிரி நடிக்கிறானா என்று பார்த்துக்கொண்டே கேட்டார்.

"சொல்லு. இன்னா... என்ன விக்கறே?" என்னோடு பழகிப் பழகி சாருக்கும் சில நேரம் நாக்கு எங்கள் பக்கம் சாய்ந்துவிடும்.

"கரண்ட் சார். முன்ன மாதிரி இல்ல. புதுச் சட்டம் வந்து நாலு வருஷமாச்சு. உங்கள மாதிரி பெரிய கனெக்‌ஷன் வெச்சிருக்கறவங்க காத்தாலையில ஒரு பங்கு வாங்கிட்டா, அதுல விளையற கரண்ட் உங்களுது. ஆரல்வாய்மொழியில சுத்தும், பூஞ்சேரியில ஐஸ் உறையும்."

"எதுல வரும்?"

"போர்டு கம்பியிலதான் சார். கொண்டு வரதுக்கு அவங்களுக்கு ஒரு கூலி."

"இப்ப வர கரண்ட்டும் அதே கம்பியிலதானே வரது?"

"ஆமா சார்."

"ரெண்டும் கலந்துடாதோ?"

"கலந்துதான் சார் வரும்."

"அப்ப எது என்னுதுன்னு எப்படித் தெரியும்?"

"தெரிய வேணாம் சார். அங்க எத்தனை யூனிட் விளையுதோ, அத்தனையை உங்க பில்லுல கழிச்சுருவாங்க. இந்த மாசம் மிஞ்சினா உங்க பேர்ல சேர்த்து வெப்பாங்க, அப்புறமா எடுத்துக்கலாம்."

சார் என் பக்கம் திரும்பினார். "கேட்டியாடா? தொட முடியாத சரக்கு, அடையாளம் இல்லாத சரக்கு, வழியிலேயே கலப்படம் ஆகற சரக்கு. அதை வேற சேத்து வெப்பானாம். இதையே பால்காரன் சொல்லியிருந்தா நான் போலீஸுக்குப் போயிருப்பேன்."

"பக்கத்துல கல்பாக்கத்துலயே கரண்ட் செய்றாங்க சார்," என்றேன் நான். "அது எங்க போவுதுன்னே தெர்ல. கன்யாகுமரி காத்து மட்டும் கரெக்ட்டா வூட்டு அட்ரஸ் விசாரிச்சுகினு வருமா?"

ஷ்யாம் மோரை முழுக்க குடித்துவிட்டுப் போனான். எட்டு மாதத்தில் பதினோரு தடவை வந்தான். பதினோரு தடவையும் மோர்தான். கடைசியில் சாரை மசிய வைத்தது ஷ்யாம் இல்லை. கோவளம் பக்கத்து ஐஸ் ஃபேக்டரிக்காரன் காற்றாலைப் பங்கு வாங்கி, பார் ஒன்றுக்கு ஐந்து ரூபாய் குறைத்துவிட்டான். கொக்கிலமேட்டு சந்திரம்மா வந்து சொல்லிவிட்டுப் போனாள். இருபது ஃபைபர் போட்டுக்கு ஐஸ் எடுக்கிறவள் அவள்தான். அவள் போனால் எங்கள் ஃபேக்டரியில் என் மூச்சுக்காற்றைத் தவிர குளிர்ச்சியாக ஒன்றும் மிஞ்சாது.

சார் பங்கு வாங்கினார், ஆனால் ஒரு நிபந்தனையோடு. அந்தக் காற்றாலைத் தோட்டத்து வாட்ச்மேனின் போன் நம்பர் வேண்டும். ஷ்யாம் கொடுத்தான். வாட்ச்மேன் பெயர் அப்பாசாமி. சார் முதல் நாளே போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்து, "இதுல என்னோடது எதுய்யா?" என்று கேட்டார்.

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் காற்று மட்டும் கேட்டது. பிறகு, "பதினாலு சார். பதினாலாம் நம்பரு," என்றது குரல்.

அன்றிலிருந்து தினமும் காலை ஏழு மணிக்கு அப்பாசாமிக்கு போன். "பதினாலு சுத்தறதா?" "சுத்துது சார், நல்லா அடிக்கு காத்து." அதை ஒரு நோட்டில் எழுதுவார். அப்பாசாமியிடம் சொல்லி பதினாலாம் நம்பரை ஒரு போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னார். அது பெருமாள் படத்துக்குப் பக்கத்தில் மாட்டப்பட்டது. வெள்ளிக்கிழமை பெருமாளுக்கு ஒரு ஊதுவத்தி, காற்றாடிக்கு ஒரு ஊதுவத்தி. மூன்று இறக்கையிலும் குங்குமம். பார்க்கிறவர்கள் ஏதோ புது அவதாரம் என்று கும்பிட்டுவிட்டுப் போவார்கள்.

ஆனி, ஆடி, ஆவணி மூன்று மாதமும் பில் குறைந்தது. சார் பில்லைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "குறைஞ்சிருக்குடா. ஏன் குறைஞ்சுது? சந்தோஷப்படறதா பயப்படறதா ஒண்ணும் புரியல." கம்பெனி மாதாமாதம் ஒரு கடுதாசி அனுப்பும், எத்தனை யூனிட் சேர்ந்திருக்கிறது என்று. பிரித்தால் ஒத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடும் என்று சார் அதைப் பிரிக்காமலே பீரோவில் போட்டார்.

நவம்பர் வந்தது. தமிழ்நாடு முழுக்க மின்வெட்டு. எங்களைப் போன்ற பெரிய கனெக்‌ஷனுக்கு நூற்றில் நாற்பது வெட்டு, சாயங்காலம் நாலு மணி நேரம் ஓட்டவே கூடாது. ஐஸ் உறைய ஒரு நாள் முழுக்க கம்பிரசர் ஓட வேண்டும். நடுவில் நிறுத்தினால், தண்ணீர் நிரப்பின தகரக் கேன்களை முக்கி வைத்திருக்கிற உப்புத்தண்ணித் தொட்டி சூடேறி, ஐஸ் பார் நடுவில் கொழகொழவென்று கிடக்கும். ஆனால் காற்றாலைப் பங்கு வைத்திருக்கிறவர்கள் சீசனில் சேர்ந்த யூனிட்டை எடுத்து, வெட்டில்லாமல் ஓட்டிக்கொள்ளலாம். ஷ்யாம் போனில் சொன்னான், "உங்க பேர்ல லட்சத்துக்கு மேல சேர்ந்திருக்கு சார், தைரியமா ஓட்டுங்க."

சார் தைரியமாக ஓட்டவில்லை. பதினாலாம் நம்பரைக் கேட்டுக் கேட்டு ஓட்டினார். அது சுற்றினால் நாங்கள் சுற்றுவோம்.

வீட்டுக்காரர்கள் பாடுதான் பேஜார். வீட்டுக் கனெக்‌ஷனுக்குக் காற்றும் கிடையாது, பங்கும் கிடையாது. வெட்டு மட்டும் உண்டு. சாருடைய சம்சாரம் கல்யாணி அம்மா ஒரு நாள் ஆட்டோவில் கிரைண்டரை ஏற்றிக்கொண்டு ஃபேக்டரிக்கே வந்துவிட்டார்.

"மீனுக்கு காத்து வாங்கினேள். ஆத்துக்கு ஒரு சாண் காத்து வாங்க மனசு வரல," என்றார். "ஊறப்போட்ட அரிசி ரெண்டு நாளா என்னைப் பாத்துண்டிருக்கு. பிளக் எங்க இருக்கு?"

"கல்யாணி, இது தொழில் கரண்ட். ஆத்து மாவை இதுல அரைக்கலாமான்னு சட்டத்துல பாக்கணும்."

"பாருங்கோ. பாத்து முடிக்கறதுக்குள்ள நான் அரைச்சு முடிச்சுடறேன்."

நான் பிளக்கைக் காட்டினேன். அதற்காக இரண்டு நாள் இட்லி கிடைத்தது. சார் அந்த இட்லியைப் பிட்டுப் பிட்டு முகர்ந்து பார்த்தார், ஐஸ் ஃபேக்டரி கேஸ் வாசனை ஏறியிருக்கிறதா என்று.

நவம்பர் கடைசியில் புயல் மழை. ஒரு வாரம் போட்டெல்லாம் கரையில் கவிழ்ந்து கிடந்தன. மழை விட்டு, டிசம்பர் முதல் வாரத்தில் கடல் அமைதியானது. சனிக்கிழமை எல்லாரும் ஒரேயடியாகக் கடலுக்குப் போவது என்று கொக்கிலமேட்டில் பேசிவிட்டார்கள். அந்த வாரச் செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்கு சார் போன் போட்டார்.

"பதினாலு நிக்கு சார்," என்றார் அப்பாசாமி.

சார் என்னைப் பார்த்தார். "நிறுத்துடா கம்பிரசரை."

"இன்னா சார், தொட்டில நூறு கேன் தண்ணி கீது. பாதி உறைஞ்சுகினு கீது."

"காத்தாடி நிக்கறப்ப நாம ஓட்டினா அது யார் கரண்ட்டுடா? அடுத்தவன் கரண்ட். போர்டோட பறக்கும் படை வருவான். சீல் வெப்பான். திருட்டு கரண்ட்ல ஐஸ் போட்டான்னு பேப்பர்ல போடுவான், என் போட்டோவோட."

"சேத்து வெச்சது லட்சம் யூனிட் கீதுன்னு அந்தப் பையன் சொன்னான்ல?"

"எங்க இருக்கு? காட்டு. எந்த ரேக்ல இருக்கு? கரண்ட் என்ன ஊறுகாயா, ஜாடியில போட்டு வெக்க? இது பொறிடா. கோவளத்தான் கைகூட இதுல இருக்கும்."

புதன்கிழமையும் நின்றது. தொட்டிக்கு மேலே பலகையில் கை வைத்தால் ஜில்லிப்பு போய், குளித்துவிட்டு வந்த எருமை முதுகு மாதிரி இருந்தது. நான் பெருமாளைக் கும்பிட்டேன். பக்கத்திலிருந்த காற்றாடியையும் கும்பிட்டேன். இரண்டும் அசையவில்லை.

வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு சந்திரம்மா வந்தாள். கல்யாணி அம்மா அப்போது கார்த்திகைக்கு அடைமாவு அரைக்க, மூலையில் கிரைண்டரைக் கழுவிக்கொண்டிருந்தார். சந்திரம்மா முந்தானை முடிச்சை அவிழ்த்து மேஜைமேல் கொட்டினாள். எண்பது டோக்கன். ஒரு டோக்கன் உருண்டு போய் சார் பேனாவில் இடித்து நின்றது.

"ஐயரே, நாளைக்கு சாய்ங்காலம் நாலு மணிக்கு வண்டி வரும். எண்பது பார். சனிக்கெழம விடியறதுக்கு முன்ன போட்டு எறங்குது."

அவரை ஐயர் என்று கூப்பிடக் கூடாது என்று பன்னிரண்டு வருஷமாகத் திருத்திப் பார்த்து சார் தோற்றிருந்தார்.

"ஐஸ் இல்லம்மா," என்றார். "காத்தாடி நிக்கறது."

"இன்னா காத்தாடி?"

சார் விளக்கினார். ஆரல்வாய்மொழி, பங்கு, கம்பி, கலப்படம், பறக்கும் படை எல்லாம். சந்திரம்மா கேட்டுக்கொண்டே வெற்றிலை மென்றாள். முடிந்ததும் ஒரு டோக்கனை எடுத்து அவர் மூக்குக்கு நேரே பிடித்தாள்.

"இத நா எப்ப வாங்கனேன்?"

சார் வாங்கி ஓரக்கீறலைத் தடவினார். "வைகாசி."

"அன்னிக்கு எனக்கோசரம் எண்பது பாரு செஞ்சு, எம்பேர் எழுதி, உள்ள அடுக்கி வெச்சியா?"

"எப்படிம்மா வெக்க முடியும்? கரைஞ்சு போயிடாதா?"

"அப்ப நீ எனக்கு இன்னா குட்த்த? ஒரு பித்தள வில்ல குட்த்த. ஐஸ எங்க வெச்சிருக்க, எந்த மூலையில கீதுன்னு நா கேட்டனா? உன் ஃபேட்டரி ஓடுதா நிக்குதான்னு தெனம் காலைல போன் போட்டனா? இன்னிக்கு வந்து, இன்னிக்கு செஞ்ச ஐஸ எட்த்துகினு போவேன். உங்கிட்ட நா அப்பிடி. அந்தக் கம்பெனிகிட்ட நீ அப்பிடி. இதுல இன்னா புரியல ஒனக்கு?"

சார் டோக்கனை மேஜைமேல் வைத்து, மறுபடி எடுத்து, கீறலை இன்னொரு தடவை தடவினார்.

"இந்தா பாரு," என்றாள் சந்திரம்மா. "இல்லன்னா இல்லன்னு சொல்லு. நா கோவளம் போய்ட்றேன். ஆனா போனா திரும்ப வரமாட்டேன். இருவது போட்டும் எம்பின்னால வந்துடும்."

மூலையிலிருந்து கல்யாணி அம்மா குரல் கொடுத்தார். "பீரோல இருக்கற கவரையாவது பிரிச்சுப் பாருங்கோளேன். கடிக்காது."

சார் பீரோவைத் திறந்தார். கவர்களைக் கொண்டுவந்து, ஒட்டின இடம் யாராவது பிரித்து ஒட்டியதா என்று பார்த்து, ஒவ்வொன்றாகக் கிழித்தார். எல்லாவற்றிலும் யூனிட் எண்ணிக்கை, பெயர், கையெழுத்து, முத்திரை. கடைசியில் இருந்ததில் ஷ்யாம் சொன்ன அதே லட்சத்துச் சொச்சம். தன் நோட்டை எடுத்து வைத்து ஒப்பிட்டார். முகம் இன்னும் இருண்டது.

"பதினாலு போன மாசம் மூணு நாள் நின்னிருக்கு. இதுல ஒரு நாள்கூட விட்டுப் போகல. அதிகமா போட்டிருக்கான். எதுக்கு அதிகமா போடறான்?"

போனை எடுத்தார். ஸ்பீக்கர்.

"அப்பாசாமி, பதினாலு?"

"நிக்கு சார். பல்சக்கரம் தேஞ்சு போச்சு. திங்கக்கிழம சாய்ந்தரமே பூட்டிட்டாவ. மெட்ராஸ்ல இருந்து சாமான் வரணும்."

"மத்ததெல்லாம்?"

"மத்தது சுத்துது சார். சீசன் மாதிரி இல்ல, மெதுவா சுத்துது."

"எல்லாம் சுத்தறப்ப என்னோடது மட்டும் ஏன்யா நிக்கணும்?"

போனில் கொஞ்ச நேரம் காற்று. அன்றைக்குக் கேட்ட அதே காற்று.

"சார், கோவிச்சுக்கிடாதிய. உங்களுக்குன்னு தனியா ஒண்ணும் கெடையாது. இருவத்தாறு காத்தாடி, எல்லாருக்கும் எல்லாத்துலயும் பங்கு. நீங்க எதுன்னு கேட்டிய. ஒண்ணாவது சொல்லணும்லா? பதினாலுதான் என் குடிசைக்கு நேர நிக்கு. வேற நம்பர் சொன்னா, நீங்க தெனம் கேக்கும்போது நான் மேட்டுல ஏறிப்போய்ப் பாக்கணும். முட்டு வலி சார் எனக்கு."

எட்டு மாதம் குங்குமம் வைத்த காற்றாடி, சுவரில் மூன்று கையையும் விரித்துக்கொண்டு நின்றது. கல்யாணி அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது. சந்திரம்மா மூடவில்லை, வாய்விட்டே சிரித்தாள்.

"இருவத்தாறா?" என்றார் சார் கடைசியில். "எண்ணிப் பாத்தியா, கேள்விப்பட்டியா?"

"எண்ணித்தான் சொல்லுதேன் சார்."

சார் போனை வைத்தார். என்னை ஒரு நிமிஷம் பார்த்தார், நான் நான்தானா என்று. "போடுடா கம்பிரசரை. பறக்கும் படை வந்தா இந்தக் கடுதாசியைக் காட்டறேன். அதுக்கும் ஒத்துக்கலைன்னா உன்னைக் காட்டறேன்."

போட்டேன். கம்பிரசர் இரண்டு நாள் தூக்கத்திலிருந்து எழுந்த குடிகாரன் மாதிரி இருமிவிட்டு ஓட ஆரம்பித்தது. வியாழன் சாயங்காலம் வெட்டு நேரத்திலும் நிறுத்தவில்லை. வாசலில் ஒரு ஜீப் சத்தம் கேட்டபோதெல்லாம் சார் கடுதாசியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு எழுந்து நின்றார். ஏழு ஜீப் போனது. அதில் ஆறு, பல்லவர் காலத்துக் கல்லைப் பார்க்க வந்த டூரிஸ்ட். ஏழாவது பால் வண்டி. பறக்கும் படை வரவில்லை. வராததையும் சார் நோட்டில் எழுதினார்.

வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு மினி லாரி வந்தது. கூடவே சந்திரம்மா. நான் கேனைத் தூக்கித் தண்ணீரில் முக்கி, முதல் பாரைச் சறுக்கிவிட்டேன். நடுவில் கொழகொழப்பு இல்லை. கண்ணாடி மாதிரி கெட்டி.

"நில்லு," என்றாள் சந்திரம்மா. "அத தராசுல வை."

"எதுக்குக்கா?"

"காத்துல செஞ்ச ஐஸுன்னு ஐயரே சொல்லிட்டாரு. லேசா கீதோ இன்னாவோ, நா இன்னாத்த கண்டேன்."

சார் நாற்காலியிலிருந்து எழுந்து வந்தார். பன்னிரண்டு வருஷத்தில் அவர் யாரையும் அப்படிப் பார்த்ததில்லை. கல்யாணி அம்மாவைக்கூட. "நியாயமான கேள்விதான்," என்றார் மெதுவாக. "போடுடா தராசுல."

ஐம்பது கிலோ. முள் துளி அசையவில்லை.

"தராசு சரியா கீதா?" என்றாள் அவள்.

"அதையும் பாத்துடலாம்," என்று சார் உள்ளே போய் எடைக்கல்லை எடுத்து வந்தார்.

கல்லும் சரியாக இருந்தது. "அடுத்த பாரு," என்றாள் சந்திரம்மா. "அடுத்தது," என்றார் சார். இரண்டு பேரும் ஒரே முள்ளை இரண்டு பக்கமிருந்து குனிந்து பார்த்துக்கொண்டு நின்றார்கள், பெண் பார்க்க வந்த சம்பந்திகள் மாதிரி. எண்பது பாரும் தராசில் ஏறி இறங்கித்தான் லாரிக்குப் போனது. சனிக்கிழமை விடிவதற்குள் இருபது போட்டும் இறங்கிவிட்டதாகக் கேள்வி. நான் பார்க்கவில்லை. காற்றில் செய்த ஐஸ் லேசாக இருக்குமா என்று இன்னும் யாருக்காவது சந்தேகம் இருந்தால், தராசைக் கேட்க வேண்டாம். என் இடுப்பைக் கேளுங்கள்.